கடைசிப் பக்கத்துக்கு ஒரு கிளிப்: பெரும்பாக்கத்தில் படப் புத்தக வாசிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

சின்னச் சின்ன விஷயங்களில் சந்தோஷம் இருக்கிறது என்று சொல்லும் குழந்தைகள் படப் புத்தகங்கள் இப்போது நிறையவே கிடைக்கின்றன. மழைத்துளி, எறும்பு, பாட்டியின் சுருக்குப் பை, மொட்டை மாடிக் காற்று என்று ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு பதினாறோ இருபத்து நான்கோ பக்கம் போய், கடைசியில் ஒரு சிரித்த முகத்தில் முடியும் வகை. பெரியவர்கள் ஆசையாக வாங்கிக் கொடுக்கும் வகையும் இதுதான். சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத் தளத்தில் தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வாசிப்பு அறையில் இந்தப் புத்தகங்களை வைத்து என்ன நடந்தது, எது எடுபட்டது, எது பிள்ளைகளிடம் போய்ச் சேரவே இல்லை என்பதை இங்கே எழுதுகிறேன். நானும் அந்தக் குழுவில் ஒருத்தி. பிள்ளைகள், பெற்றோர் பெயர் எதையும் எழுதவில்லை. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன்.

இடமும் பிள்ளைகளும்

மேடவாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் நடுவில் இருக்கிறது பெரும்பாக்கம். அடையாறு, கூவம் கரைகளில் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, இங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டன. நகரத்தின் நடுவில் வீட்டு வேலை, பூ, மீன், கட்டட வேலை என்று பிழைத்தவர்கள். வேலை அங்கேயே நின்றுவிட்டது, வீடு மட்டும் இங்கே வந்துவிட்டது. அதனால் அம்மாக்கள் விடியும் முன்பே பஸ் ஏறுகிறார்கள். திரும்ப வரும்போது இருட்டிவிடுகிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் கேட்க ஆளில்லாமல் கிடக்கிறது. வாசிப்பு அறை ஆரம்பித்ததே அந்த நேரத்துக்காகத்தான். நான்கு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒன்பது வயது அக்கா வருவாள். அவளும் குழந்தைதான் என்பதை நாங்கள் அடிக்கடி எங்களுக்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த இடத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கூப்பிடு தூரத்தில் சதுப்பு நிலம். பள்ளிக்கரணை 2022இல், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதை ஒட்டிய பெரும்பாக்கம் நீர்ப்பரப்பிலும் பருவத்தில் பூநாரை இறங்கும். கூழைக்கடா, நாமக்கோழி, நத்தை குத்தி நாரை எல்லாம் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடையாறு பக்கத்திலிருந்தெல்லாம் நீளமான லென்ஸோடு ஆட்கள் வந்து ரோட்டோரம் நிற்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பறவையைவிட, பறவை பார்க்க வரும் ஆட்களைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. “அந்த அங்கிள் அசையவே மாட்டாரு மிஸ், கொக்கு மாதிரியே நிப்பாரு” என்று ஒருத்தன் நடித்தே காட்டினான். சின்ன விஷயத்தை ரசிப்பது எப்படி என்று இவர்களுக்குப் பாடம் எடுக்க வந்தோமே என்று எனக்கு முதலில் லேசாகச் சிரிப்பு வந்தது அப்போதுதான்.

அலமாரி

படப் புத்தகம் என்று தேடினால் சென்னைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். தாரா புக்ஸ் பதிப்பகம் 1994இல் இங்கே தொடங்கியது, துளிகா 1996இல், கரடி டேல்ஸும் அதே ஆண்டு இதே ஊரில். துளிகா ஒரே புத்தகத்தைத் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் போடுகிறது. தாராவின் கையால் அச்சடித்த புத்தகங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தக்கவை. ஆனால் பரோட்டா தின்ற கையோடு வரும் பிள்ளையிடம் அதைக் கொடுக்க எனக்கு மனசு வராது; அது என் கஞ்சத்தனமாகவே இருக்கட்டும். பெங்களூரில் 2004இல் ஆரம்பித்த பிரதம் புக்ஸ் விலை குறைவு. 2015இல் அவர்கள் திறந்த ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகளைக் காசில்லாமல் இறக்கி, அச்செடுத்தும் கொடுக்கலாம். டெல்லியில் 1957இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்டின் பழைய புத்தகங்கள் சில நன்கொடையாக வந்தன. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ‘வாசிப்பு இயக்கம்’ புத்தகங்களை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்த அந்தச் சின்னப் புத்தகங்கள் அவர்களுக்குப் பழகிய தோழர்கள். எங்கள் அலமாரியில் முதலில் அவற்றைத்தான் தேடினார்கள்.

தமிழில் குழந்தை இலக்கியம் என்றால் நெடுங்காலம் பாட்டும் கதையும்தான். அழ. வள்ளியப்பா (1922–1989) போன்றவர்கள் போட்ட பாதை அது, காதுக்கான பாதை. படம் துணைக்கு வரும். படமே பாதிக் கதையைச் சுமக்கும் புத்தகம் நம்மிடம் பரவலானது பின்னால்தான். இதனால் வாசித்துக் காட்டுகிற பெரியவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: எழுத்தை வாசித்து முடித்ததும் பக்கம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிவிடுவது. படத்தில் இன்னும் பாதி மிச்சமிருக்கும்.

அச்சு வேலைக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு பெரிய தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம். இரண்டு தாள் என்றால் 32. நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கம் நான்கு நான்காகத்தான் கூடும், குறையும். இத்தனை சொற்பப் பக்கத்துக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். கடையில் நின்று வாங்குகிற பெரியவர் முதலில் அட்டையைப் பார்ப்பார், அப்புறம் கடைசிப் பக்கத்தைப் புரட்டி ‘இதில் என்ன கருத்து’ என்று பார்ப்பார். எழுதுகிறவருக்கும் போடுகிறவருக்கும் இது தெரியும். கடைசிப் பக்கத்தில் கருத்து வந்து உட்கார்ந்துகொள்வதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

முதல் கேள்வியும் அதற்கு வந்த பதில்களும்

தொடக்கத்தில் எங்கள் ஏற்பாடு இதுதான். ஒரு புத்தகம் வாசிப்பது, முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து, “இன்னைக்கு உனக்கு சந்தோஷம் குடுத்த சின்ன விஷயம் என்ன?” என்று ஒவ்வொருவரையும் கேட்பது. குழுவில் உளவியல் படித்த ஒருவர் கொண்டுவந்த யோசனை. இதற்கு ஆராய்ச்சி அடிப்படை இருக்கிறது. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நன்றி சொல்லத்தக்க விஷயங்களை எழுதிவந்தவர்கள், எரிச்சல்களை எழுதிவந்தவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாகச் சொன்னார்கள். 2008இல் ஃப்ரோ என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதையே ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்கள் 221 பேரிடம் செய்து பார்த்தார்கள். அங்கேயும் பலன் தெரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது வயது. 2003 ஆய்வின் முதல் சுற்றுகளில் இருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். 2008 ஆய்வில் பன்னிரண்டு வயதை ஒட்டியவர்கள். எங்கள் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் நான்கிலிருந்து எட்டு வயது.

பதில்கள் எப்படி வந்தன என்றால், “பூ, மழை, அம்மா.” முதல் பிள்ளை சொன்னது. அடுத்தவள், “மழை, பூ, அம்மா, அப்பா.” மூன்றாமவன் “பூ” என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்தான், சரியாகத்தான் சொல்கிறோமா என்ற பார்வை. சில வாரத்தில் எல்லாருக்கும் பதில் மனப்பாடம். மழை வராத வெயில் காலத்திலும் மழை சந்தோஷம் கொடுத்தது. அந்தப் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. பள்ளியில் கேள்வி என்றால் அதற்கு ஒரு விடை உண்டு, விடை மிஸ்ஸின் முகத்தில் எழுதியிருக்கும் என்று கற்றிருக்கிறார்கள். அந்தத் திறமையை எங்களிடமும் காட்டினார்கள், அவ்வளவுதான்.

செருப்பு

இந்த நேரத்தில்தான் ஒரு புத்தகம் எங்கள் கணக்கை மாற்றியது. பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒரு சிறுமி வாசற்படியில் உட்கார்ந்து அப்பாவுக்காகக் காத்திருக்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் வெளிச்சம் குறைகிறது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது, நாய் வந்து போகிறது, அவள் விரலால் தரையில் ஏதோ வரைகிறாள். ஒரு பக்கத்துக்கு ஒரு வரிதான் எழுத்து. கடைசியில் அப்பா வந்துவிட்டார் என்று எழுத்து சொல்கிறது.

நான் வாசித்துக்கொண்டே வந்தேன். முடிவுக்கு இரண்டு பக்கம் இருக்கும்போது, பின்வரிசையில் சுவரில் சாய்ந்திருந்த ஒரு பெண் குழந்தை, அதிகம் வாயே திறக்காதவள், எழுந்து வந்து படத்தில் விரலை வைத்தாள்.

“அப்பா வந்துட்டாரு மிஸ்.”

“இன்னும் இல்லடா, கதை முடியல.”

“வந்துட்டாரு. செருப்பு பாருங்க.”

பார்த்தால், வாசலில் மூன்று ஜோடி. முன்பக்கங்களைப் புரட்டினால் இரண்டுதான். சிறுமி முதுகைக் காட்டிக்கொண்டு நாயோடு விளையாடும் நேரத்தில், அப்பா உள்ளே போயிருக்கிறார். ஓவியர் அதைச் சொல்லாமல் வரைந்து வைத்திருக்கிறார். புத்தகத்தைத் தேர்ந்தெடுத்த எங்களில் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

அந்தக் குடியிருப்பில் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கதவு தட்டித் தெரிந்துகொள்வதில்லை. தாழ்வாரத்தில் நடந்து போகும்போதே வாசல் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். அம்மாவின் நீல வார் செருப்பு கிடந்தால் ஒரே ஓட்டம். பெரிய ஷூ ஒன்று புதிதாகக் கிடந்தால் விருந்தாளி, அல்லது வட்டிக்காரர். அந்தப் பெண்ணுக்குச் செருப்பு என்பது தினசரி வாசித்துப் பழகிய எழுத்து. அன்றைக்கு மீதிப் பேரும் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். முதல் பக்கத்திலிருந்து எல்லாரும் செருப்பு எண்ணினார்கள். நாயின் வால் எந்தப் பக்கத்தில் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒரு சண்டையே நடந்தது.

இது எங்கள் அறைக்கு மட்டுமான அதிசயம் இல்லை. கனடாவில் எவன்ஸ், செயிண்ட்-ஆபின் என்ற ஆய்வாளர்கள், படப் புத்தகம் வாசித்துக் காட்டப்படும்போது பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்து, 2005இல் எழுதினார்கள். எழுத்தின் பக்கம் கண் போவது மிகக் குறைவு. கிட்டத்தட்ட முழு நேரமும் படத்தில்தான். நாம் எழுத்தில் இருக்கும் நேரமெல்லாம் அவர்கள் படத்தில் இருக்கிறார்கள். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

வாசிக்கும்போது கேள்வி கேளுங்கள், பேச விடுங்கள் என்று சொல்லும் முறைக்கும் நல்ல ஆதாரம் உண்டு. ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு மாதம் இதைப் பழக்கியபோது பிள்ளைகளின் பேச்சு வளர்ச்சி வேகமெடுத்தது. ஆனால் அது வீட்டில், மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு செய்தது. அறை நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பக்கத்துக்கு மூன்று கேள்வி கேட்டால் அது வாய்மொழித் தேர்வு ஆகிவிடுகிறது. எங்களுக்குப் பயன்பட்டது இதைவிட எளிதான ஒன்று: பக்கத்தைத் திருப்பியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது. எழுத்தை அப்புறம் வாசிப்பது. பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள், முந்தட்டும். எழுத்தையும் ஒரு தடவை இருக்கிறபடியே வாசித்துவிட்டு, அடுத்த தடவை வீட்டுப் பேச்சில் சொன்னோம். “அமர்ந்திருந்தாள்” என்றால் உட்கார்ந்து கேட்பார்கள். “உக்காந்துனு இருந்தா” என்றால் குறுக்கே பேசுவார்கள். எங்களுக்குக் குறுக்கே பேசுவதுதான் வேண்டியிருந்தது.

ஓர் அம்மாவின் ஆட்சேபம்

இன்னொரு புத்தகம். அழகான ஓவியம், நல்ல தாள், அந்த வீடுகளின் ஒரு நாள் காய்கறிச் செலவைத் தாண்டும் விலை. கதையில் ஒரு பெண்ணுக்குக் கடையில் இருக்கும் பொம்மை மேல் ஆசை. வாங்க முடியாது. வரும் வழியில் ஒரு கூழாங்கல் கிடைக்கிறது, அதற்கு முகம் வரைகிறாள், பெயர் வைக்கிறாள். கடைசிப் பக்கத்தில், நம்மிடம் இருப்பதே நமக்குப் போதும் என்ற பொருளில் ஒரு வரி.

அன்றைக்கு லீவு என்பதால் ஓர் அம்மா வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் கேட்டார்:

“ஏன் மிஸ், அந்தப் பொண்ணு பொம்ம வேணும்னு கேட்டா தப்பா?”

“தப்பு இல்லக்கா. கல்லுலயும் ஒரு சந்தோஷம் இருக்குன்னு...”

“அது இருக்கட்டும். ஆத்தோரத்துல இருந்தப்போ எங்க அம்மாவும் எனக்கு இதத்தான் சொன்னாங்க. இப்போ நீங்க புக்கு போட்டு சொல்றீங்க. இருக்குறத வெச்சு பொழைக்க எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேணாம் மிஸ். வேணும்னு கேக்கத்தான் சொல்லித் தரணும்.”

கோபமாகச் சொல்லவில்லை. பூண்டுத் தோலை முறத்தில் ஊதிக்கொண்டே சொன்னார். அவர் மகள் அதற்குள் அடுத்த புத்தகத்தை எடுத்துவிட்டாள்.

குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியது ஒரு மாலை முழுக்க ஓடியது. உளவியல் படித்த நண்பர், அந்தக் கதை கற்பனையைப் பற்றியது, வறுமையைப் பற்றியது இல்லை, நாம்தான் அதிகம் படிக்கிறோம் என்றார். அதில் நியாயம் உண்டு. அதே புத்தகத்தைப் பெசன்ட் நகரில், பொம்மைகள் குவிந்து இனி வைக்க இடமில்லாத வீட்டில் வாசித்தால் அந்தக் கடைசி வரி சரியான இடத்தில் போய் விழும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு கடிவாளம். இங்கே அதே வரி, இருக்கிற கதவையும் சாத்துகிறது. புத்தகம் ஒன்றுதான், கேட்கிற காது வேறு. இன்னொருவர், அப்படியென்றால் ஏழைப் பிள்ளைகளுக்கு அழகான சின்ன விஷயம் எதுவுமே சொல்லக் கூடாதா என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான். கூழாங்கல்லுக்கு முகம் வரையும் பக்கத்தில் பிள்ளைகள் எவ்வளவு குஷியாக இருந்தார்கள் என்பதை எல்லாருமே பார்த்திருந்தோம்.

என் முடிவு என்னவென்றால், அந்தப் புத்தகத்துக்குள் இரண்டு புத்தகம் இருக்கிறது. கல்லை எடுத்து, திருப்பிப் பார்த்து, இது மூக்கு, இது கண் என்று கண்டுபிடிக்கும் பக்கங்கள் ஒரு புத்தகம். அது பார்க்கச் சொல்கிறது. கடைசிப் பக்கம் வேறொரு புத்தகம். அது திருப்தியாக இருக்கச் சொல்கிறது. பார்ப்பது எல்லாப் பிள்ளைக்கும் பொது. திருப்தி அப்படியல்ல, யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் நிறம் மாறிவிடும். நன்றாகப் பார்க்கத் தெரிந்த பிள்ளைதான் தனக்கு என்ன இல்லை என்பதையும் நன்றாகப் பார்க்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கிளிப்

செய்தது சின்ன வேலை. இந்த வகைப் புத்தகங்களை எல்லாம் எடுத்து, கடைசிப் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு தடவை வாசித்தோம். கடைசிப் பக்கம் இல்லாமலும் நிற்கிற புத்தகம் அலமாரிக்குப் போனது. அது இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்கிற புத்தகம், சும்மா ஒரு வாசகத்தைச் சொல்லப் பதினைந்து பக்கம் காத்திருக்கும் புத்தகம், பெட்டிக்குப் போனது. கூழாங்கல் புத்தகம் மாதிரி நடுவில் நிற்பவற்றுக்குக் கறுப்பு பைண்டர் கிளிப் ஒன்று. கடைசித் தாளைக் கிளிப்போடு மூடிவிட்டு வாசிப்போம்.

மூடிய பக்கத்தில் என்ன இருக்கும் என்று ஊகிப்பதில் பிள்ளைகள் காட்டிய ஆர்வம், திறந்த புத்தகங்களுக்கு இல்லை. கூழாங்கல் கதைக்கு வந்த முடிவுகளில் சில: அந்தக் கல்லைக் கடைக்காரரிடம் காட்டிப் பொம்மையை வாங்கிவிடுகிறாள். கல்லைத் தம்பி சாக்கடையில் போட்டுவிடுகிறான், அவனுக்கு அடி விழுகிறது. கல்லும் பொம்மையும் அக்கா தங்கச்சி ஆகின்றன. ஒரு பையன் மட்டும் கடைசிப் பக்கத்தில் எதுவும் இருக்காது, “வெள்ளையா இருக்கும், நம்ம வரையறதுக்கு” என்றான். கிளிப்பை எடுத்துக் காட்டினால், அச்சிலிருக்கும் முடிவைப் பார்த்து “அவ்ளோதானா” என்பார்கள்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். எழுதியவரின் முடிவை மறைக்க நமக்கு என்ன உரிமை என்று குழுவிலேயே ஒருவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கடைசியில் திறந்து காட்டிவிடுகிறோமே என்பது என் பதில். அவருக்கு அது போதவில்லை.

கேள்வியை மாற்றியது

கூடவே முதல் கேள்வியையும் கைவிட்டோம். சந்தோஷம் என்ற பேச்சையே எடுக்காமல், “வர்ற வழியில என்ன பாத்த?” என்று மட்டும் கேட்டோம். யாரும் சொல்லாவிட்டால் விட்டுவிடுவது, சொன்னால் கேட்பது.

மாடிப்படி ஜன்னல் கம்பிக்கு நடுவில் புறா வைத்த கூட்டில் குச்சியோடு ஒரு வயர் துண்டும் இருக்கிறது. நாலாவது மாடியில் துவைத்துப் போட்ட துணியிலிருந்து சொட்டும் தண்ணீர் மூன்றாவது மாடி நைட்டியின் மேல் மட்டும் விழுகிறது, அதனால் அங்கே தினமும் சண்டை. பரோட்டா மாஸ்டர் கல்லைத் தட்டும்போது கடைசித் தட்டு மட்டும் வேறு சத்தம். தண்ணீருக்கு வரிசையில் வைத்த குடங்களில் யாருடையது எது என்று குடத்தில் கட்டிய துணியின் நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

இதில் எனக்கு மறக்க முடியாதது ஆவின் பால் பாக்கெட். ஒரு பையன், ஆறு வயது இருக்கும், சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துத் தரையில் பரப்பினான். பால் பாக்கெட்டின் முனையை வெட்டும்போது விழுமே, நகம் அளவு முக்கோணத் துண்டுகள். அவற்றைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்திருக்கிறான். நீலம்தான் அதிகம். பச்சை கொஞ்சம். ஆரஞ்சு இரண்டே இரண்டு, அதற்கு டீக்கடையில் போய் நிற்க வேண்டும், ஏனென்றால் “அவங்கதான் கெட்டிப் பால் வாங்குவாங்க.” எந்த வீட்டில் எந்தப் பால் என்று அவனுக்கு அத்துப்படி. பக்கத்து வீட்டில் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறிவிட்டார்கள் என்றான். ஏன் என்று யாரோ கேட்டதற்கு, “அந்த அண்ணனுக்கு வேல போச்சு” என்றான், வெகு சாதாரணமாக.

ஒரு துணுக்குப் பிளாஸ்டிக்கில் தொடங்கி ஒரு வீட்டின் நிலவரம் வரைக்கும் போய்விட்டான். இதை எந்தப் படப் புத்தகமும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் படப் புத்தகம் இல்லாமல் அவன் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்திருப்பானா என்றால், எடுத்திருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். செருப்பை எண்ணுகிற புத்தகம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் பை திறந்தது.

மடிப்புப் புத்தகம்

அதற்குப் பிறகு பிள்ளைகளே புத்தகம் செய்ய ஆரம்பித்தார்கள். ஓர் ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடித்து, விரித்து, நடுவில் மட்டும் ஒரு வெட்டு வெட்டி மறுபடி மடித்தால் எட்டுப் பக்கச் சின்னப் புத்தகம் வந்துவிடும். பின் வேண்டாம், பசை வேண்டாம். எல்லாப் பக்கமும் தாளின் ஒரே பக்கத்தில் இருப்பதால் விரித்து ஜெராக்ஸ் எடுத்துவிடலாம். ஒரு பிரதிக்கு ஒரு தாள் செலவு.

பால் பாக்கெட் பையனின் புத்தகத்தில் எழுத்தே இல்லை; முக்கோணங்களை நேராக ஒட்டிவிட்டான். ஜெராக்ஸில் அது கறுப்பாக விழுந்ததில் அவனுக்குப் பெரிய வருத்தம், அதனால் ஒவ்வொரு பிரதிக்கும் உட்கார்ந்து கலர் பென்சிலில் தீட்டினான். புறாக் கூடு, குடங்கள், லிஃப்ட் பட்டனில் எரியும் சிவப்பு விளக்கு என்று மற்றவர்களுடையவையும் வந்தன. பூ, மழை வந்த புத்தகங்களும் உண்டு, ஆனால் இந்த முறை அந்தப் பூவுக்கு ஒரு முகவரி இருந்தது: பஸ் ஸ்டாப்பில் கட்டி விற்கும் ஆயாவின் கூடையில், தண்ணீர் தெளித்த ஈரத் துணிக்கு அடியில்.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

மதிப்பெண், வாசிப்பு வேகம் எதையும் நாங்கள் அளக்கவில்லை. எங்களிடம் இருந்த ஒரே அளவுகோல் அழுக்கு. எந்தப் புத்தகத்தில் விரல் ரேகை அதிகம், எந்தப் பக்கத்தின் ஓரம் மடங்கியிருக்கிறது என்று பார்ப்போம். பின் கழன்றதைக் கணக்கில் சேர்க்கவில்லை. விலை குறைந்த புத்தகத்தில் பின் எப்படியும் கழன்றுவிடும். விரல் அழுக்கு மட்டும் பொய் சொல்லாது. படத்தில் தேட நிறைய இருக்கும் புத்தகங்கள் ஒரு பருவத்திலேயே முதுமை அடைந்துவிட்டன. செருப்புப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில், வாசல் வரைந்த இடத்தில் தாளே தேய்ந்துவிட்டது. பெட்டிக்குப் போனவை புதுசாகவே இருக்கின்றன, யாருக்காவது பரிசளிக்கலாம்.

பெற்றோர் பக்கம் பெரிய மாற்றம் இல்லை. அவர்களில் பலருக்கு இது டியூஷனாக இருந்தால் தேவலை என்ற எண்ணம். “படம் பாக்கவா அனுப்புனேன்” என்று ஒரு பாட்டி நேரிலேயே கேட்டார். ஒன்பது, பத்து வயதை எட்டிவிட்ட பையன்கள் “இது பாப்பா புக்” என்று தொடவே மாட்டேன் என்கிறார்கள். அவர்களைச் சின்னவர்களுக்கு வாசித்துக் காட்ட உட்கார வைத்ததில் ஓரளவு வழிக்கு வந்தார்கள், ஆனால் பக்கத்தைத் திருப்பிவிட்டுச் சும்மா இருப்பது மட்டும் அவர்களுக்கு வரவில்லை. எழுத்தைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். இதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. செல்போன் வந்துவிட்டால் புத்தகம் தோற்றுவிடும் என்பதையும் மறைக்க ஒன்றுமில்லை.

ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சிக்குப் போகும்போது இப்போது எங்கள் குழு பார்க்கும் விஷயங்கள் மாறிவிட்டன. எழுத்து சொல்லாத எதையாவது படம் சொல்கிறதா என்று பார்க்கிறோம். வீடு நம் ஊர் வீடாக இருக்கிறதா, பனித்துளியும் புல்வெளியும் மட்டும்தானா என்று பார்க்கிறோம். ஒரு பிள்ளை தரையில் போட்டுக் குனிந்து பார்க்கத் தக்க அளவா, அச்சு தெளிவா, கலர் கோடு தாண்டி விலகாமல் படிந்திருக்கிறதா என்பதையும்தான்.

பூண்டு உரித்த அம்மா கேட்ட மாதிரியான புத்தகம், அதாவது வேண்டும் என்று கேட்கிற பிள்ளையின் கதை, இந்த வகையில் கடைகளில் எங்களுக்கு இதுவரை அகப்படவில்லை. ஆனால் அலமாரியில் ஒன்று இருக்கிறது. அவர் மகள் செய்த மடிப்புப் புத்தகம். பெயர் ‘சைக்கிள்’. முதல் பக்கத்தில் அவள் அம்மாவிடம் சைக்கிள் கேட்கிறாள். அடுத்ததில் அப்பாவிடம். அப்புறம் மாமாவிடம், சைக்கிள் கடைக்காரரிடம், பள்ளி ஹெச்.எம்.மிடம், பஸ் டிரைவரிடம். ஒவ்வொரு பக்கத்திலும் கேட்கப்படுகிறவரின் மீசையோ தோடோ சட்டைப் பேனாவோ அச்சு அசலாக இருக்கிறது. மாமாவின் சட்டையில் மேல் பொத்தான் இல்லை. கடைசிப் பக்கத்தில் சைக்கிள் கிடைக்கவில்லை. “நாளைக்கும் கேப்பேன்” என்று எழுதியிருக்கிறாள். அதற்குக் கிளிப் போடவில்லை. போன வாரம்தான் இன்னும் கொஞ்சம் பிரதி எடுக்க ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்தனுப்பினோம்.